டி.வி.யில் மஞ்சளாக வந்த பெயர்

கடலில் எனக்கு என்ன ஆனாலும் உங்கள் மேல் கேஸ் போட மாட்டேன் என்று எழுதி வாங்குகிற படிவம் ஒன்று உண்டு. படகில் ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது காகிதம் கிடையாது. போனுக்கு லிங்க் போகும், விரலால் கிறுக்கினால் முடிந்தது. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று காட்டுவதற்கு ஒரு டேஷ்போர்டு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. மூன்று வருஷமாகச் செய்கிறேன்.

இடம் மண்டபத்துக்குப் பக்கம். கயாக் என்று சொல்கிற சின்னத் துடுப்புப் படகுகளை வைத்திருக்கிறோம். இராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்தான் பாதிக்கு மேல் வருவார்கள். தலை ஈரம் காயாமல், நெற்றியில் விபூதியோடு காரை விட்டு இறங்குவார்கள். நான் கடற்கரைக்காரி கிடையாது. முதுகுளத்தூர் பக்கம், மிளகாய் போடுகிற ஊர். எனக்கு நீச்சல் தெரியாது. வேலைக்குச் சேரும்போது அதை யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். இராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் நான், தெரியும் என்றேன்.

டேஷ்போர்டில் மூன்று நிறம். கையெழுத்துப் போடாதவர் பெயர் சிவப்பு. போட்டவர் பச்சை. கையெழுத்துப் போட்டு, ஆனால் உடம்புக்கு ஏதோ இருக்கிறது என்று சொன்னவர் மஞ்சள். மஞ்சளைப் படகில் ஏற்றக்கூடாது. படிவத்தில் அந்தக் கேள்வி ஒரே வரியில் இருக்கும்: வலிப்பு, இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம், இவற்றில் ஏதேனும் உண்டா? கர்ப்பத்தையும் நோயோடு சேர்த்து எழுதினவன் எவனென்று தெரியாது. எது உண்டு என்பது என் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரிவது நிறம். ஏனென்றால் முதலாளி அந்த டேஷ்போர்டை ஒரு பெரிய டி.வி.யில் போட்டு, ஆட்கள் உட்காருகிற கொட்டகையில் மாட்டச் சொல்லிவிட்டார். தன் பெயர் சிவப்பாக இருப்பதை நாலு பேர் பார்த்தால் வெட்கப்பட்டுச் சீக்கிரம் போட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். என் மேஜை முன்னால் காத்து நிற்கிற கூட்டம் உடனே குறைந்தது. நானும் அன்றைக்கு நல்ல யோசனை என்றுதான் சொன்னேன். இப்போது மறுத்துப் பேசி என்ன ஆகப் போகிறது.

அவர் மதுரையில் இருக்கிறார். அவர் போனிலும் இதே டேஷ்போர்டு ஓடும். ஒரு பெயர் பத்து நிமிஷத்துக்கு மேல் சிவப்பாக நின்றால் கூப்பிட்டுவிடுவார். என்னம்மா, அந்த மூணாவது ஆளு தூங்குறாரா என்பார். அதனால் படிக்கத் தெரியாதவர்களுக்கும், கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கும் நானே அழுத்திவிடுவேன். எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. அவர்களைக் கேட்கக்கூட மாட்டேன். இதை நான் மறைக்கவில்லை. அந்தக் கொட்டகையில் பச்சையாக வந்த பெயர்களில் எத்தனை நான் பெயிண்ட் அடித்தது என்று எனக்கே தெரியாது.

படிவத்தின் தலைப்பு வேறு 'பொறுப்புத் துறப்பு' என்று இருக்கும். சிவகங்கைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "ஏத்தா, நான் சாமியாராப் போறேன்னு எழுதி வாங்குறியா? எம் பொண்டாட்டி இப்பவே சம்மதிச்சிருவா, நான்தான் யோசிக்கணும்" என்றார். அவர் மனைவி, "யோசிக்காதீக, போட்டுட்டு வாங்க" என்றார். அப்படிச் சிரித்துக்கொண்டு போகிற நாட்கள்தான் அதிகம். நான் சொல்ல வந்தது அந்த மாதிரி நாளைப் பற்றி இல்லை.

அன்றைக்கு ஒரு காரில் நாலு பேர் வந்தார்கள். ஓட்டிக்கொண்டு வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். அவனுடைய அம்மா, அவன் தங்கச்சி, அவன் மனைவி. எங்கள் பக்கத்து ஆட்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. சொந்த நிலத்தில் விவசாயம். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு நேராக வந்திருக்கிறார்கள். எதற்காக வந்தோம் என்பதையும் அந்த அம்மா உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் என்னிடம் சொல்லிவிட்டார். கல்யாணமாகி நாலு வருஷம், மருமகளுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, அதற்கான வேண்டுதல். மருமகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா படகில் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மற்ற மூன்று பேருக்கும் புக்கிங். மகன் பெயர் பச்சையானது, தங்கச்சி பெயர் பச்சையானது. மருமகள் பெயர் சிவப்பாகவே நின்றது. மகன் லைஃப் ஜாக்கெட் வாங்கக் கரைக்குப் போய்விட்டான். எப்படியும் முதலாளி போன் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவளே எழுந்து என் மேஜைக்கு வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள், கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அதுவும் முடிந்தால்தான் சிவப்பு மாறும். போனை என் பக்கம் திருப்பி வைத்து, குரலை இறக்கிக் கேட்டாள்.

"அக்கா, வலிப்புன்னா எப்பவாச்சும் வந்ததும் சேத்தியா?"

எனக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால், அம்மா வீட்டில் என்றாள். எட்டாவது படிக்கும்போதிலிருந்து இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். சொல்லாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாத்திரையை வாங்கி, சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி எடுத்து வருவாள். புருஷனுக்கும் தெரியாது. அவள் அதை ஒரு பொருளின் விலையைச் சொல்வது போல சாதாரணமாகச் சொன்னாள். நாலு வருஷம் ஒளித்துப் பழகிவிட்டால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொள் என்றேன்.

"எத்தனைக்குத்தான்க்கா பயம்னு சொல்றது. திருவிழாவுல ராட்டினம், கொடைக்கானல் ஏரியில போட்டு, அவுக வண்டியில வேகமாப் போறது. போட்டுல ஏறலைன்னு அந்தத் தடவ ஒரு வாரம் மூஞ்சி குடுக்கல. இது அவுக ஆசையா புக் பண்ணது."

சரி, உண்டு என்று போடு, மஞ்சள் வரும், அவ்வளவுதான், காரணம் தெரியாது என்றேன். அவள் திரும்பி டி.வி.யைப் பார்த்தாள். அவள் நாத்தனார் அதற்கு நேர் எதிரில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தது.

"மஞ்சள் எதுக்குன்னு கேட்டா என்னன்னு சொல்லுவேன்? நீங்களே இல்லைன்னு போட்டுருங்கக்கா. எனக்குக் கை வரல" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இல்லை என்று அழுத்த எனக்கு ஒரு வினாடி ஆகாது. ஆயிரம் தடவை அழுத்தியிருக்கிறேன். விரலையும் அங்கே கொண்டுபோனேன். எங்கள் ஊரில் வலிப்பு உள்ள ஒரு பெண் வாய்க்காலில் துணி அலசப் போய், முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்து செத்துப் போனாள். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அவளைத் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அது ஞாபகம் வந்தது. நல்லவள் மாதிரி இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். தண்ணீருக்குள் ஏதாவது ஆனால், தெரிந்தே ஏற்றினவள் நான். நாளைக்குப் போலீஸ் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்று வரை எனக்கு நிச்சயமில்லை.

உண்டு என்று அழுத்தினேன். எது என்று கேட்டது. வலிப்பு என்பதில் டிக் போட்டேன். போனை அவளிடம் கொடுத்து, முடிந்தது என்றேன். அவள் நன்றி சொன்னாள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் திரும்பிப் போய் உட்காருவதற்குள் டி.வி.யில் பெயர் மாறிவிட்டது. நாத்தனார்தான் முதலில் பார்த்தது.

"மதினி, ஒங்க பேரு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

அவள் டி.வி.யைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். மற்ற நேரம் யாரிடமும் வாயை அடக்கத் தெரியாதவள் நான். முதலாளியிடமே முகத்துக்கு நேராகப் பேசிவிடுவேன் என்று இங்கே பெயர். அன்றைக்குப் பேச வேண்டிய நேரத்தில் குனிந்துகொண்டேன்.

எங்கள் படகுக்கார அண்ணன் அப்போது கொட்டகை ஓரத்தில் மிச்ச லைஃப் ஜாக்கெட்டுகளை அளவு பார்த்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பாம்பன்காரர், ஐம்பது வயது, நல்ல மனுஷன். நாத்தனார் அவரிடம் கேட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மஞ்சளா? புள்ளத்தாச்சியா இருக்கும் தாயி. போன வாரமும் ஒரு புள்ளைக்கு வந்துச்சு. அவுகள ஏத்த மாட்டோம்."

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. போன வாரம் வந்தது உண்மை.

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் வலி என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். மருமகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லாம பொட்டிகிட்டச் சொல்லிருக்கியேத்தா" என்று டி.வி.யைக் காட்டிச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் பூசி, வாயிலும் ஒரு துளி போட்டார். நாத்தனார் கரைக்கு ஓடி அண்ணனைக் கூட்டி வந்தது. அவன் ஜாக்கெட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி வந்து நின்றான்.

"நெசமாவா?" என்று கேட்டான்.

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி, அப்புறம் எதற்கு மஞ்சள் என்று வரும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாள் தள்ளிருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதற்குள் மேஜைப் போன் அடித்தது. முதலாளி. மூன்றுக்கு மூன்றும் முடிந்துவிட்டது, ஏன் இன்னும் படகு இறங்கவில்லை என்று கேட்டார். மஞ்சளும் முடிந்த கணக்கில்தான் சேரும். ஒரு ஆள் மஞ்சள் என்றேன். அப்ப ரெண்டு பேரை இறக்கு, ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா இந்த சிஸ்டம், பாத்தியா, ஒரு புள்ளத்தாச்சியக் காப்பாத்திருக்கோம் என்றார். போன வாரத்து மஞ்சளை வைத்து அவரும் அதையே நினைத்துக்கொண்டார் போல. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த அம்மா கோயில் பிரசாதத்தில் பாதியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒங்க எடத்துல வந்துதான் இந்தச் சேதி தெரியணும்னு இருந்திருக்கு என்றார். நான் அவர் முன்னாலேயே ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். போடாமல் இருக்க முடியாதபடி நின்றுகொண்டிருந்தார்.

மகனும் தங்கச்சியும் படகில் போனார்கள். அவன் போக மாட்டேன் என்றுதான் நின்றான், தங்கச்சி விடவில்லை. மருமகளை மாமியார் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். வெயில் படாமல் இங்கன தள்ளி உட்காரு, காலைத் தொங்கப் போடாதே, தண்ணி குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்து அவள் பாத்ரூம் பக்கம் போனாள். நானும் எழுந்து பின்னால் போனேன்.

"நீங்கதான அழுத்துனீக?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"எங்கிட்டச் சொல்லிட்டு அழுத்திருக்கலாம்லக்கா."

தண்ணீருக்குள் வந்திருந்தால் செத்திருப்பாய் என்று அவளை அதட்டினேன். குற்றம் என் பக்கம் இருக்கும்போது எனக்குக் குரல் தானாக உயரும். நாள் தள்ளியிருப்பது நிஜமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிள்ளை உண்டாவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்த டாக்டரிடம் போவதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமலே இரண்டு வருஷம் ஓடிவிட்டது, இந்த மாத்திரையால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை உண்டாவதையே தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊரெல்லாம் அவள் வயிற்றைப் பேசுகிறது.

"அடுத்த மாசம் அத்தைகிட்ட என்னன்னுக்கா சொல்லுவேன்?"

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். கலைந்துவிட்டது என்று சொல்லிவிடு என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு பொய்யை நான் ஆரம்பித்து வைத்துவிட்டு, இரண்டாவது பொய்யையும் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

"அதுக்கும் என் மேலதான் கொற வரும்" என்றாள் அவள். பைப்பைத் திறந்து முகத்தைக் கழுவினாள். நெற்றியில் மாமியார் பூசிய விபூதி போய்விட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கொட்டகைக்குத் திரும்பாமல் நேராகக் கரைக்கு நடந்தாள்.

படகு அப்போதுதான் திரும்பியிருந்தது. நாத்தனார் செருப்பைத் தேடிக்கொண்டு மேலே வந்துவிட்டது. அவன் படகை மணலில் இழுத்துப் போடப் படகுக்கார அண்ணனுக்கு உதவிக்கொண்டிருந்தான். அவள் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப் போனாள். கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள். அவள் பேசினாள். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு படகின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"அங்கன என்ன அப்படிப் பேசுறாக ரெண்டு பேரும்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். அவரே, "பேசட்டும், பேசட்டும், நாலு வருஷம் ஏங்குனதுக" என்று பதிலும் சொல்லிக்கொண்டார்.

அவன் தனியாகத்தான் என் மேஜைக்கு வந்தான். அடிப்பான் என்றே நினைத்தேன். ஜாக்கெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தான்.

"வலிப்புன்னு நீங்கதான் போட்டீகளா?"

நான்தான் என்றேன்.

"அது கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்குமா?"

இருக்கும், என்னால் அழிக்க முடியாது, முதலாளிக்கு மட்டும்தான் அந்த வசதி என்றேன். அவன் திரும்பி டி.வி.யைப் பார்த்தான். அவன் பெயர் பச்சையாக, அதற்குக் கீழே அவள் பெயர் மஞ்சளாக இருந்தது. வெகு நேரம் பார்த்தான். நாலு வருஷம் மறைத்தாள் என்று நினைத்தானா, இவளைப் போய்ப் படகில் ஏற்றப் பார்த்தோமே என்று நினைத்தானா, எனக்குத் தெரியாது.

"புள்ளையும் இல்லையாம்" என்றான். அப்புறம், "எங்கம்மாகிட்ட நீங்க எதுவும் சொல்லிறாதீக. நான் சொல்லிக்கிறேன். இன்னைக்கி இல்ல" என்றான்.

மன்னிச்சுக்கங்க என்று நான் சொன்னேன். அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

காரில் ஏறும்போது அந்த அம்மா மருமகளை முன் சீட்டில் உட்கார வைத்தார். வரும்போது அந்த சீட்டில் அவர்தான் உட்கார்ந்து வந்தார். முழங்காலை மடக்க முடியாமல் பின்னால் ஏறி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, மகனிடம் சத்தமாகச் சொன்னார்.

"ஏலே, பள்ளம் மேடு பாத்து ஓட்டு. புள்ளத்தாச்சி ஒக்காந்திருக்கா."

"சரிம்மா" என்றான்.

எங்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் மண் பாதை, குண்டும் குழியுமாக இருக்கும். எல்லோரும் கண்மண் தெரியாமல் கிளப்பிக்கொண்டு போகிற பாதை. அந்தக் கார் நடக்கிற வேகத்தில் போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, இறக்கி, ஏற்றிப் போனது. எல்லாம் தெரிந்தவன்தான் ஓட்டிக்கொண்டு போனான்.